மின்கம்பம் எட்டாத முகாமில் குளிர்சாதனப் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, அண்மையில் பழைய கேம்பர் டிரெய்லர் ஒன்றை வாங்கினோம். எரிவாயு, 12 வோல்ட் பேட்டரி, வீட்டு மின்சாரம் ஆகிய மூன்றிலும் இயங்கும் 90 லிட்டர் குளிர்சாதனப் பெட்டி அதில் பொருத்தப்பட்டுள்ளது. ஜனவரி விடுமுறையில் பிள்ளைகளோடு மர்ரே ஆற்றங்கரையில், மின் இணைப்பே இல்லாத காட்டுப் பகுதியில், ஐந்து நாள் தங்குவதாகத் திட்டம். சுடர் எரியும் பெட்டிக்கு அருகில் பிள்ளைகளைப் படுக்கவைக்க என் மனைவிக்கு விருப்பமில்லை. 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் 300 வாட் சோலார் பேனலும் வாங்கினால் எரிவாயுவே வேண்டியதில்லை, முழு நேரமும் 12 வோல்ட்டிலேயே ஓட்டலாம் என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்கிறார். வாங்கலாமா?
– மெல்பர்ன் வாசகர்

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பேட்டரியிலும் பேனலிலும் குறை ஒன்றுமில்லை. உங்களிடம் உள்ள பெட்டிக்கு அவை பொருந்தாது என்பதுதான் செய்தி. மின்சாரத்தை எங்கிருந்து பெறுவது என்று யோசிப்பதற்கு முன்னால், பெட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரத்தைத் தின்கிறது என்று பார்க்க வேண்டும். கடைகளில் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

உங்கள் பெட்டியின் உட்சுவரிலோ கதவோரத்திலோ ஒரு சிறு தகடு ஒட்டப்பட்டிருக்கும். 12 வோல்ட்டில் எத்தனை வாட் என்பது அதில் அச்சாகியிருக்கும். இந்த அளவுப் பெட்டிகளில் அது ஏறத்தாழ 120 முதல் 150 வாட் வரை இருப்பது வழக்கம். 130 வாட் என்றே வைத்துக்கொள்வோம். வீட்டில் உள்ளது போன்ற கம்ப்ரஸர் பெட்டி விட்டு விட்டு ஓடும். ஆனால் உங்களுடையதைப் போன்ற பழைய பெட்டிகள் பலவற்றில் 12 வோல்ட் இணைப்புக்கு வெப்பநிலைக் கட்டுப்பாடே கிடையாது, போட்டது முதல் அணைப்பது வரை இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆக, 24 மணி நேரத்துக்கு 3,120 வாட்-மணி. உங்கள் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி நிறைந்திருக்கும்போது அதில் இருப்பது சுமார் 2,560 வாட்-மணி. 300 வாட் பேனல், ஜனவரி வெயிலில், கூரை மேல் படுக்கைவாட்டில் கிடந்தபடி, சூடேறுவதாலும் தூசியாலும் கம்பிகளிலும் போகும் இழப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால், நல்ல நாளில் 1,300 அல்லது 1,400 வாட்-மணி தரும். மாலையில் முகாம் போட்டு நிறைந்த பேட்டரியோடு தொடங்கினால், இரண்டாம் இரவு நள்ளிரவை ஒட்டிப் பெட்டி நின்றுவிடும். மீதி மூன்று நாளும் உங்களிடம் இருப்பது கனமான ஓர் அலமாரி.

இவ்வளவு மின்சாரம் ஏன் தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எரிவாயுவின் மீதுள்ள தயக்கமும் ஓரளவு குறையும். உங்கள் பெட்டியில் கம்ப்ரஸர் இல்லை. அசையும் பாகமே இல்லை. ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் ஃபோன் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இருவர் 1922-இல் உருவாக்கிய முறை இது. 1925-இல் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதன் உரிமையை வாங்கியது. மூடிய குழாய்களுக்குள் அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஆகிய மூன்றும் சுற்றிவருகின்றன. அடியில் சூடேற்றினால் நீரிலிருந்து அம்மோனியா ஆவியாகப் பிரிந்து மேலேறி, குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் சூழலில் மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே இதற்குத் தேவை வெறும் சூடு மட்டுமே. அந்தச் சூட்டைச் சிறு சுடர் ஒன்று மலிவாகத் தரும். பேட்டரியைக் கொண்டு ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்கித் தருவதோ அரும்பாடுபட்டுச் சேர்த்த மின்சாரத்தை வென்னீர் போடச் செலவழிப்பதற்குச் சமம்.

எரிவாயுவில் ஓடும்போது 90 லிட்டர்ப் பெட்டி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 கிராம் செலவழிக்கும். ஒரு கிலோ எரிவாயுவில் 13 முதல் 14 கிலோவாட்-மணி வரை வெப்பம் அடங்கியிருப்பதால், அந்த 300 கிராமே சுமார் 4 கிலோவாட்-மணிக்கு ஈடாகிறது. ஆஸ்திரேலியாவில் எங்கும் கிடைக்கும் 9 கிலோ சிலிண்டர் பெட்டிக்கு மட்டும் என்றால் ஏறத்தாழ ஒரு மாதம் வரும். 4 கிலோ சிலிண்டரே உங்கள் ஐந்து நாளுக்கு இருமடங்குக்கு மேல் போதும். இதே சூட்டைப் பேட்டரியில் சுமக்க வேண்டுமானால் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரிகள் மூன்றுக்கு மேல் தேவைப்படும், அதுவும் ஒரே நாளுக்கு.

உங்கள் மனைவியின் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. பழைய வண்டி என்பதால் அது நியாயமான அச்சமே. முறையாகப் பொருத்திய பெட்டியில் சுடர் எரியும் அறை, நீங்கள் படுக்கும் பகுதியிலிருந்து முற்றிலும் அடைத்துப் பிரிக்கப்பட்டு, வெளிச்சுவரிலுள்ள காற்றுத் துளைகள் வழியாகவே மூச்சுவிட வேண்டும். முந்தைய உரிமையாளர் எதையாவது மாற்றியிருந்தாலோ அடைப்புப் பட்டை உதிர்ந்திருந்தாலோ கார்பன் மோனாக்சைடு உள்ளே வரக்கூடும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எனவே பேட்டரிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பகுதியை, உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளர் ஒருவரைக் கொண்டு குழாய், இணைப்புகள், சுடர், அடைப்பு ஆகியவற்றைச் சோதித்துச் சான்று பெறுவதற்குச் செலவிடுங்கள். படுக்கும் பகுதியில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கட்டாயம் மாட்டுங்கள். எரிவாயு காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். ஆதலால் டிரெய்லரின் அடிப்பகுதியில் உள்ள காற்றுத் துளைகளைக் குளிருக்காகவோ பூச்சிக்காகவோ ஒருபோதும் அடைக்காதீர்கள். வண்டி ஓடும்போது சிலிண்டரை மூடிவிட வேண்டும், பெட்ரோல் நிலையத்துக்குள் சுடரோடு நுழையவே கூடாது.

அப்படியானால் அந்த 12 வோல்ட் இணைப்பு எதற்கு என்று கேட்பீர்கள். அது பயண நேரத்துக்கு உரியது. காரின் ஆல்டர்னேட்டர் (எஞ்சினால் சுழலும் மின்னாக்கி) ஓடிக்கொண்டிருக்கும்போது 130 வாட் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் காரின் முன்பக்க பேட்டரியிலிருந்து டிரெய்லரில் உள்ள பெட்டி வரை ஏழு மீட்டர் கம்பி போவதாகக் கொண்டால், போக வர 14 மீட்டர். இங்கே கடைகளில் 6 மில்லிமீட்டர் என்று விற்கும் வாகனக் கம்பியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அந்த அளவு மேலுறையையும் சேர்த்த தடிமன், உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குப்பரப்பு ஏறத்தாழ 4.6 சதுர மில்லிமீட்டர்தான். 11 ஆம்பியர் பாயும்போது அதில் 0.6 வோல்ட் வழியிலேயே தொலையும். பெட்டியின் சூடேற்றும் கம்பிக்கு வோல்ட் குறைந்தால் சூடு அதைவிட வேகமாகக் குறையும் என்பதால், மெல்பர்னிலிருந்து ஆற்றங்கரை சேர்வதற்குள் வெண்ணெய் உருகிவிட்டது என்று பலர் குறைப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கம்பிதான். 13 அல்லது 16 சதுர மில்லிமீட்டர்க் கம்பியும், 50 ஆம்பியர் தாங்கும் ஆண்டர்சன் பிளக் என்ற இணைப்பானும், காரின் சாவியை அணைத்தால் தானே துண்டித்துக்கொள்ளும் ரிலேயும், பேட்டரி முனையருகே ஒரு ஃபியூஸும் போட்டுவிடுங்கள். ரிலே இல்லாவிட்டால் வழியில் சாப்பிட நிறுத்தும் இடத்தில் காரின் பேட்டரி காலியாகிவிடும்.

முகாமில் நிறுத்தும்போது டிரெய்லரை மட்டமாக நிறுத்துங்கள். இப்பெட்டிக்குள் திரவம் தன் எடையால் மட்டுமே இறங்கி வழிந்து சுற்றுகிறது. சாய்ந்து நின்றால் சுற்று நின்று, கொதிகலப் பகுதி மட்டும் காய்ந்து சூடேறி, நாளடைவில் பெட்டியே பாழாகும். வெப்பமும் ஒரு தடை. இவை சுற்றுப்புற வெப்பத்தை விட ஓர் அளவுக்குக் கீழேதான் குளிர்விக்க வல்லவை என்பதால், ஜனவரியில் 40 பாகை தொடும் நாளில் திணறும். தகட்டில் 'டி' என்ற எழுத்துள்ள வெப்பமண்டல வகை, 43 பாகை வரை தாங்கும்படி சோதிக்கப்பட்டது, 'எஸ்.என்.' என்றிருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். காற்றுத் துளைகள் உள்ள பக்கம் பிற்பகல் வெயிலைப் பார்க்காதபடி வண்டியைத் திருப்பி, மேல் துளைக்கு உட்புறம் கணினியில் இருப்பது போன்ற சிறு 12 வோல்ட் விசிறி ஒன்றைப் பொருத்தினால், வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். நிழலுக்காக ஆற்றங்கரைச் செம்மரங்களின் கிளைகளுக்குக் கீழே மட்டும் ஒதுங்காதீர்கள். ரிவர் ரெட் கம் எனப்படும் அந்த யூகலிப்டஸ் மரங்கள் காற்றில்லாத நாளிலும் முன்னறிவிப்பின்றிப் பெரும் கிளைகளை உதிர்ப்பவை. நிழலுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொள்வதே நல்லது.

புறப்படுவதற்கு முந்தைய நாளே வீட்டு மின்சாரத்தில் பெட்டியை ஓடவிட்டுக் குளிரேற்றி, ஏற்கெனவே குளிர்ந்த பொருள்களை மட்டும் அடுக்குங்கள். இவ்வகைப் பெட்டி சூடான நிலையிலிருந்து குளிர்வதற்கு அரை நாளுக்கு மேல் எடுக்கும். முகாமுக்கு வந்த பிறகு வெதுவெதுப்பான பால் கேன்களையும் தோசை மாவையும் உள்ளே வைத்தால் மறுநாள் வரை மீளாது. உணவு 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதே இந்நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி. பத்து டாலருக்கு ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே தொங்கவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எரிவாயு வேண்டாம் என்று வீட்டில் முடிவானால் அதையும் குறை சொல்ல மாட்டேன், ஆனால் மாற்ற வேண்டியது முதலில் பெட்டியை. இதே அளவுக் கம்ப்ரஸர் பெட்டி, வெயிலைப் பொறுத்து நாளொன்றுக்கு 40 முதல் 60 ஆம்பியர்-மணிக்குள் முடித்துக்கொள்ளும். அதாவது உங்களுடையதில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றும் 200 வாட் பேனலும் போதும், கடைக்காரர் சொன்ன 200 ஆம்பியர்-மணி பேட்டரிக்குத் தேவையே இல்லை. அந்த பேட்டரியைப் படுக்கைக்கு அடியில் திறந்தபடி வைக்காதீர்கள். கேரவன்களுக்கான ஆஸ்திரேலிய–நியூசிலாந்துத் தரவிதி 3001.2, 2022-இல் திருத்தப்பட்ட பிறகு, லித்தியம் பேட்டரியிலிருந்து வாயு எழுந்தாலும் மனிதர் தங்கும் பகுதிக்குள் புகாதபடி அது பிரித்து அடைக்கப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: எங்களிடம் உள்ளது 45 லிட்டர் கம்ப்ரஸர் பெட்டி. தனியாக 100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். (ஈய-அமில வகை) பேட்டரியும், 160 வாட் மடக்குப் பேனலும் உண்டு. இருந்தும் இரண்டாம் நாள் விடியற்காலையில் பெட்டி கூவிவிட்டு நின்றுவிடுகிறது. அப்போது பேட்டரியில் 12.2 வோல்ட் காட்டுகிறது. பெட்டி பழுதா, பேட்டரி பழுதா?
– அடிலெய்ட் வாசகி

பதில்: இரண்டுமே நன்றாக இருக்கலாம். ஏ.ஜி.எம். பேட்டரி ஓய்வில் 12.2 வோல்ட் காட்டினால் ஏறத்தாழ பாதி மின்சாரம் மிச்சமிருக்கிறது என்று பொருள். பெட்டி நிற்பதற்குக் காரணம், அதற்குள் இருக்கும் பாதுகாப்பு அமைப்பு தன் முனையில் வந்து சேரும் வோல்ட்டைத்தான் அளக்கிறது, பேட்டரியின் முனையில் இருப்பதை அல்ல. சிகரெட் லைட்டர் வகைச் சொருகியும் மெல்லிய நீளக் கம்பியும் இடையில் இருந்தால், கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அரை வோல்ட்டுக்கு மேல் சரிந்து, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பெட்டி எண்ணிக்கொள்ளும். அந்த அமைப்பை 'உயர்', 'நடு', 'தாழ்' என்று மாற்ற முடியும். 'உயர்' என்பது காரின் பேட்டரியோடு நேராக இணைப்பவர்கள் மறுநாள் கார் கிளம்பாமல் தவிக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. தனிப் பேட்டரி வைத்திருக்கும் நீங்கள் 'நடு' நிலைக்குக் கொண்டுவந்து, சொருகியை அகற்றி, திருகிப் பூட்டும் வகை இணைப்பும் தடித்த கம்பியும் போடுங்கள். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஏ.ஜி.எம். பேட்டரியின் ஆயுள் குறையும் என்பதால் 'தாழ்' நிலை வேண்டாம்.

அடுத்தது, பேட்டரி பகலில் நிறைகிறதா என்பது. உங்கள் பெட்டி கோடைநாளில் 40 ஆம்பியர்-மணியைச் சுற்றி எடுக்கும்; அது ஏ.ஜி.எம். பேட்டரியில் தாராளமாக எடுக்கக்கூடிய பங்கு கிட்டத்தட்ட முழுவதும். ஆகவே ஒவ்வொரு மாலையும் அது நிறைந்தே ஆக வேண்டும். மடக்குப் பேனல்களில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெரும்பாலும் பேனலின் முதுகிலேயே ஒட்டப்பட்டிருக்கும். வண்டி நிழலில், பேனல் வெயிலில் என்று பத்து மீட்டர் கம்பியை இழுத்தால், ரெகுலேட்டர் தன் வாசலில் 14.4 வோல்ட் இருப்பதைக் கண்டு பேட்டரி நிறையப்போகிறது என்று கணக்கிடும். மறுமுனையில் பேட்டரிக்கு வந்து சேர்வதோ 13.8 வோல்ட்டாக இருக்கலாம். ரெகுலேட்டரைக் கழற்றிப் பேட்டரிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். பேனலுக்கும் அதற்கும் இடையே இழப்பு நேர்ந்தாலும் கெடுதி சிறிது, பேனல் 18 வோல்ட்டைச் சுற்றித் தருவதால் கைவசம் மிச்சம் இருக்கிறது.

பேனலின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே பாதிக்கு மேல் உற்பத்தி போய்விடும் என்பதையும், ஊரில் பழகிய நினைப்பில் தெற்கு நோக்கி வைக்காமல் இங்கே வடக்கு நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காலை, நண்பகல், பிற்பகல் என மூன்று முறை திருப்பிவைத்தால் 160 வாட் உங்களுக்குப் போதும். குளிர்காலத்தில் போதாது, ஜூனில் தென் ஆஸ்திரேலிய வெயில் ஜனவரியில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில்தான், பெட்டியின் செலவு குறைந்தாலும் அந்த அளவுக்குக் குறையாது. அப்போது இரண்டு நாளுக்கு ஒரு முறை காரை எடுத்துக்கொண்டு சுற்றிவருபவர்களுக்கு, காரிலிருந்து பேட்டரியை நிறைக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர் இன்னொரு பேனலை விடப் பயன் தரும். இக்காலத்துக் கார்களின் ஆல்டர்னேட்டர்கள் எரிபொருளைச் சேமிக்கத் தம் வோல்ட்டைத் தாமே குறைத்துக்கொள்வதால், நேரே கம்பி இழுத்தால் பேட்டரி நிறையாது, அந்தச் சார்ஜர் இருந்தால்தான் நிறையும்.

கேள்வி: அக்டோபர் தொடக்கத்தில் அல்கொன்குவின் பூங்காவுக்குச் சிறிய டிரெய்லரோடு போகிறோம். வீட்டிலிருக்கும் சின்ன பார் ஃபிரிட்ஜை இன்வெர்ட்டர் வழியாக லித்தியம் பேட்டரியில் ஓட்டினால் என்ன?
– ஸ்கார்பரோ வாசகர், கனடா

பதில்: ஓடும், ஆனால் வீணாகும். 12 வோல்ட்டை 120 வோல்ட்டாக உயர்த்துவதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகும். ஃபிரிட்ஜ் ஓய்ந்திருக்கும் நேரத்திலும் இன்வெர்ட்டர் சும்மா இருந்தபடி மின்சாரம் குடிக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு என்பதால் பெரிய இன்வெர்ட்டரும் தேவைப்படும். உங்கள் பருவத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. அங்கே அக்டோபர் இரவுகள் உறைநிலைக்குக் கீழே போகக்கூடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி அந்தக் குளிரில் மின்சாரம் கொடுக்கும், வாங்கக் கூடாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே நிரந்தரச் சேதம் நேரும். தானே தடுத்துக்கொள்ளும் சுற்று உங்கள் பேட்டரியில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் காலையில் பேட்டரிப் பெட்டி வெதுவெதுப்பான பிறகே பேனலை இணையுங்கள்.

என் யோசனை, அந்தக் குளிருக்கு நல்ல ஐஸ்பெட்டி ஒன்றே மூன்று நாள் தாங்கும் என்பது. ஆனால் கரடிகள் நடமாடும் இடமாதலால் அதை வெளியே மேசை மீது விட்டுவைக்க முடியாது. இரவில் காருக்குள் பூட்டி வைத்தாக வேண்டும். 12 வோல்ட் பெட்டியைக் காருக்குள் வைத்து ஓட்ட எண்ணினால், சாவியை எடுத்த பிறகும் காரின் சொருகியில் மின்சாரம் வருகிறதா என்று வீட்டு வாசலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். பல கார்களில் வராது.

கேள்வி: அம்மாவுக்கு இன்சுலின் வைத்துக்கொள்ள வேண்டும். கேம்பர் ஃபிரிட்ஜை நம்பலாமா?
– சிட்னி வாசகி

பதில்: இன்சுலின் இருக்க வேண்டியது 2 முதல் 8 பாகைக்குள். கேம்பர் ஃபிரிட்ஜ்களில் அது சூடாவது மட்டுமல்ல, உறைந்துபோகவும் வாய்ப்பு உண்டு. எரிவாயுப் பெட்டியில் பின்சுவரிலுள்ள உலோகத் தகடுகளை ஒட்டியும், மேலே திறக்கும் கம்ப்ரஸர் பெட்டியில் பக்கச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். துணியில் சுற்றி, மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் இட்டு, நடுவில் வைத்து, அதே டப்பாவுக்குள் வெப்பமானியை வையுங்கள். உறைந்த மருந்து உருகிய பின் தெளிவாகத் தெரிந்தாலும் அதைப் போடக் கூடாது. பயன்பாட்டிலிருக்கும் இன்சுலின் பேனாவைக் குளிரில் வைக்கத் தேவையில்லை. இன்சுலின் வகையைப் பொறுத்து 25 அல்லது 30 பாகைக்குக் கீழே ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். உங்கள் அம்மாவுடையது எந்த வகை என்பதை மருந்தாளரிடம் கேட்டு, வெயில் கூடும் நாளில் அதை நீர் ஆவியாவதால் குளிரும் சிறு பையில் வைத்துக்கொள்ளுங்கள். காரின் முன்பெட்டியில் விட்டுச் செல்லாதீர்கள். கையிருப்பு முழுவதையும் ஒரே பெட்டியில் வைக்காமல், பெட்டி நின்றுபோனால் ஈடுகட்ட மாற்றுப் பேனா ஒன்று ஐஸ்பெட்டியில், பனிக்கட்டியைத் தொடாதபடி, இருக்கட்டும்.